15 மாதமாகியும் நடக்காத மகனுக்கு வாக்கர் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இப்போது 15 மாதம். நன்றாகத் தவழ்கிறான், கட்டிலைப் பிடித்து எழுந்து, பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறான். ஆனால் கையை விட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கால்கள் வளைந்தும் பாதங்கள் தட்டையாகவும் இருக்கின்றன. என் நாத்தனாரின் மகள் 10 மாதத்திலேயே நடந்தாள். மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார். கடைக்காரர் வளைவை நிமிர்த்தும் ஷூ என்று ஒன்றையும் சேர்த்துக் காட்டுகிறார். ஒரு பயிற்சி மையத்தில், மூன்று மாதப் பேக்கேஜ் எடுத்தால் நடந்துவிடுவான் என்கிறார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் கேட்டதற்கு, ஆண் குழந்தை மெதுவாகத்தான் நடப்பான் என்று அனுப்பிவிட்டார்கள். இவன் 32 வாரத்தில் பிறந்தவன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, 32 வாரம் என்று, அதிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும். முழுக் கர்ப்பகாலம் 40 வாரம். உங்கள் மகன் 8 வாரம், அதாவது ஏறக்குறைய 2 மாதம், முன்னதாகவே வந்துவிட்டான். தலை நிற்பதும் உட்கார்வதும் தவழ்வதும் நடப்பதும் பிறந்த தேதியைப் பார்த்து வருவதில்லை. கருவில் தொடங்கிய மூளை, நரம்பு முதிர்ச்சியின் போக்கில் வருகின்றன. ஆகவே நடையைப் பொறுத்தவரை உங்கள் மகனின் வயது 15 மாதம் அல்ல, 13 மாதம். இதைத் திருத்திய வயது என்போம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை 2 வயது முடியும்வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இந்தக் கழித்தலைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. எடையைக் கிராம் சுத்தமாக எழுதி வைக்கிற பதிவேட்டில், குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை ஒவ்வொரு முறையும் தாயே நினைவூட்ட வேண்டியிருப்பது எனக்குப் பல ஆண்டுகளாக ஆறாத ஆதங்கம்.

இந்த 13 மாதத்தை எதனோடு ஒப்பிடுவது? நாத்தனாரின் மகளோடு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் வெளியிட்ட அளவுகள் இருக்கின்றன. அவற்றின்படி, எதையாவது பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைப்பது 5.9 மாதத்திலிருந்து 13.7 மாதத்துக்குள் வரலாம். பிடிக்காமல் நிற்பது 6.9 மாதத்திலிருந்து 16.9 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். உங்கள் மகன் கட்டிலைப் பிடித்து நகர்கிறான் என்றால் அவன் சரியான படியில்தான் நிற்கிறான். 10 மாதத்தில் நடந்த பெண்ணும் 17 மாதத்தில் நடக்கும் பையனும் இதே எல்லைக்குள் அடங்குபவர்கள்தாம். முன்னதாக நடந்தது கெட்டிக்காரத்தனத்தின் அடையாளமும் அல்ல.

திருத்திய வயது என்பதை, இன்னும் 2 மாதம் கவலைப்படாமல் இருக்கலாம் என்ற அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முதலாவது, தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும். 2 மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தாங்களாகவே தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை சார்ந்த தசை இறுக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் எப்போது நடக்கிறான் என்பதோடு எப்படி அசைகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். டயப்பர் மாற்றும்போது கால்கள் விறைப்பாக, விரிக்க வராமல் இருக்கின்றனவா, எப்போதும் நுனிவிரலிலேயே நிற்கிறானா, தவழும்போது ஒரு பக்கம் இழுபடுகிறதா, ஒரே கையால் மட்டும் பொம்மையை எடுத்து மறு கையைச் சுருட்டியே வைத்திருக்கிறானா, முன்பு செய்த ஒன்றை இப்போது விட்டுவிட்டானா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தக் கணக்கையும் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றும் இல்லையென்றால், திருத்திய வயதில் 18 மாதம், அதாவது பிறந்த தேதிப்படி 20 மாதம் வரை பொறுக்கலாம். அதற்குமேல் ஒரு வாரம்கூட வேண்டாம்.

'ஆண் குழந்தை மெதுவாகத்தான் நடப்பான்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அதே உலக சுகாதார நிறுவன ஆய்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு தென்படவில்லை. இது வெறும் ஆறுதல் மொழியாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இதனால் தீங்கு நேர்கிறது. டுஷேன் என்னும் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது, அதன் தொடக்க அடையாளங்களில் தாமதமான நடையும் ஒன்று. 18 மாதம் தாண்டியும் நடக்காத ஆண் குழந்தைக்கு கிரியேட்டின் கைனேஸ் என்ற எளிய ரத்தப் பரிசோதனை செய்தாலே அந்தச் சந்தேகத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்தப் பரிசோதனையைத் தாமதப்படுத்துவது, 'ஆண் குழந்தைதானே' என்ற இந்த ஒற்றை வாக்கியம்தான்.

இனி வாக்கர். வாங்காதீர்கள், யாராவது பரிசாகக் கொடுத்தாலும் வீட்டில் வைக்காதீர்கள். பெயரில் நடை இருந்தாலும் அது நடையைப் பழக்குவதில்லை. குழந்தையின் எடையை நடுவில் உள்ள இருக்கை தாங்கிக்கொள்கிறது, சமநிலையைச் சுற்றியுள்ள வளையம் பார்த்துக்கொள்கிறது, குழந்தையோ நுனிவிரலால் தரையை உந்துவதை மட்டும் கற்றுக்கொள்கிறது. தன் பாதம் எங்கே படுகிறது என்று பார்ப்பதற்கும் வழியில்லாமல் முன்னால் தட்டு மறைக்கிறது. வாக்கரில் பழகிய குழந்தைகள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே நடக்கிறார்கள் என்று ஆய்வுகள் கூறுகின்றன. அதைவிடப் பெரியது ஆபத்து. ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் பாயும் வேகம் அந்தச் சக்கரங்களுக்கு உண்டு. நீங்கள் அடுத்த அறையில் அல்ல, அருகிலேயே நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கும் குறைவான 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிகிச்சை பெற்றார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலும் கழுத்திலும் அடி, பெரும்பாலோர் படிக்கட்டில் உருண்டவர்கள். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. மற்ற பல இடங்களில் இது இன்னும் தாராளமாக விற்கப்படுகிறது. மாமியாரிடம் பேசும்போது அவருடைய அக்கறையைக் குறை சொல்லாமல், இந்தப் படிக்கட்டுக் கணக்கை மட்டும் சொல்லுங்கள். அக்கறை உள்ளவருக்கு அது போதும். குழந்தை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் வண்டி வேறு வகை. அதில் எடையைத் தாங்குவது அவன் கால்களே. வண்டி கனமாக இருந்து, நீங்களும் பக்கத்தில் இருந்தால் அதில் தவறில்லை.

கால் வளைவு இந்த வயதில் இயல்பானது. ஏறக்குறைய 2 வயதுவரை கால்கள் வெளிப்புறம் வளைந்திருக்கும். 3, 4 வயதில் முழங்கால்கள் உட்புறமாக முட்டிக்கொள்ளும். 7 வயதை ஒட்டி நேராகிவிடும். பாதத்தில் கொழுப்புத் திண்டு இருப்பதால் அது தட்டையாகத் தெரிகிறது. இவை தாமாகவே மாறும் என்பது தெரிந்துதான் ஷூவை விற்கிறார்கள். மாறியதும் பெருமை ஷூவுக்குப் போய்ச் சேரும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மணிக்கட்டு தடித்திருந்தால் வைட்டமின் டி குறைபாட்டைப் பரிசோதிக்க வேண்டும். எலும்பு பலப்பட என்று யாரேனும் பல லட்சம் யூனிட் ஊசியைப் பரிசோதிக்காமல் போட வந்தால் மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்கு மேல் அன்றாடத் தேவை 600 யூனிட் மட்டுமே. மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பயிற்சி மையத்தின் பேக்கேஜும் இதே கணக்குத்தான். தானாக 16 மாதத்தில் நடக்கவிருக்கும் குழந்தையை 15 மாதத்தில் சேர்த்துக்கொண்டால், அடுத்த மாதம் அவன் நடந்த படம் அவர்களுடைய விளம்பரத்தில் வந்துவிடும். இயன்முறை சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு அது மிகப் பெரிய வரம். அதனால்தான் இந்த வியாபாரம் என்னைக் கோபப்படுத்துகிறது. குழந்தையை முழுமையாகப் பரிசோதித்து, என்ன குறை, எதை எட்டப் போகிறோம் என்று எழுதித் தராத எவரும் மாதக்கணக்கில் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அனுப்பி வைத்தவருக்கு அதில் தரகு போகிறதா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது தரையை அவனுக்கு விட்டுக்கொடுப்பது. செருப்பும் காலுறையும் இல்லாமல், வழுக்காத தரையில், நாளின் பெரும்பகுதியை அவன் கழிக்கட்டும். அவன் மார்பு உயரத்தில் உள்ள நாற்காலி, கட்டில், பெட்டி ஆகியவற்றை வரிசையாக வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை இடைவெளியைச் சிறிது கூட்டுங்கள். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க எட்டும் அந்த ஒரு கணத்தில்தான் முதல் அடி பிறக்கும். நின்றபடியே குனிந்து எடுக்கும்படி பொம்மையைக் கீழே போடுங்கள். இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்து நடத்த வேண்டாம். அப்போது சமநிலை உங்கள் கையில் இருக்கும், அவன் உடலில் இருக்காது. ஒரு கையைப் பற்றி வெடுக்கென்று தூக்கவும் வேண்டாம். இந்த வயதில் முழங்கை மூட்டு எளிதில் பிசகும். விழுவான், அதற்குப் பதறாதீர்கள். 12 முதல் 19 மாதக் குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வில், விளையாடும் ஒரு மணி நேரத்தில் அவர்கள் சராசரியாக 2,368 அடிகள் நடந்து 17 முறை விழுந்தார்கள். மேசை முனைகளுக்கு உறை போட்டு, படிக்கட்டுக்குக் கதவு வைத்துவிட்டால் அந்தத் தளர்நடைக்கு உங்கள் வீடு போதும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மடியிலேயே வைத்துக் காட்டித் திரும்பிவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடும் அவசரத்தில், குழந்தையைத் தரையில் விட்டுப் பார்க்காமலேயே 'எல்லாம் சரி' என்று எழுதிவிடுகிறார்கள். இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மூட்டையும் இரு கால்களின் நீளத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே போனதும் அவன் அழுது எதையும் செய்யாமல் இருக்கக்கூடும் என்பதால், அவன் தவழ்வதையும் கட்டிலைப் பிடித்து நகர்வதையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில், யார் திறந்தாலும் கண்ணில் படும்படி, '32 வாரத்தில் பிறந்தவன், 2 மாதம் கழிக்கவும்' என்று இன்றே உங்கள் கைப்பட எழுதிவிடுங்கள்.