புகார் கொடுத்த பிறகும் போன பணம்

கேள்வி: மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று என் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அதனுடன் வந்த செயலியை அவர் நிறுவியதும் கணக்கிலிருந்து 30,000 ரூபாய் போயிற்று. உடனே வங்கியை அழைத்துப் புகார் பதிந்தோம். ஒரு மணி நேரம் கழித்து மேலும் 18,000 ரூபாய் போயிற்று. ஓடிபி சரியாகப் பதிவாகியிருப்பதால் பொறுப்பு முழுவதும் எங்களுடையது என்கிறது வங்கி. சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முழுவதும் சரியல்ல. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த நேரம் வரையிலான இழப்பு மட்டுமே அவரைச் சேரும்; அதன் பிறகு ஏற்படும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். ஆகவே 18,000 ரூபாயைப் புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

30,000 ரூபாய் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தகைய செயலிகள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, உரியவருக்குத் தெரியாமலேயே ஓடிபியை மோசடிக்காரருக்கு அனுப்பிவிடும். உங்கள் தந்தை தம் வாயால் எண்ணைச் சொல்லவில்லை என்றால் அதையும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையை அதே சுற்றறிக்கை வங்கியின் மீதுதான் வைத்திருக்கிறது. செயலியை நிறுவியதே கவனக்குறைவு என்று வங்கி வாதிடக்கூடும். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான தேசிய உதவி எண்ணான 1930-க்கு இதுவரை அழைக்கவில்லை என்றால் இந்த இதழை மூடிவைத்துவிட்டு முதலில் அழையுங்கள். போன பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ரொக்கமாக எடுக்கப்படுவதற்கு முன்பே முடக்கினால்தான் மீட்க வழியுண்டு என்பதால், இதில் நாள்கணக்கு உதவாது, நிமிடக்கணக்கே உதவும். வங்கி முப்பது நாள்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அந்தச் செயலி இன்னும் கைப்பேசியில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாம் முறை பணம் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இணையத் தொடர்பைத் துண்டித்து, அதன் விவரங்களைச் சான்றுக்காகப் படமெடுத்த பிறகு நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டு யாரேனும் அழைத்தால், பேச்சை வளர்க்காமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஒருமுறை ஏமாந்தவர்களைத் தேடி மோசடிக்காரர்கள் மீண்டும் வருவதுண்டு.