பக்கத்து வீட்டுச் சாவி நம் பூட்டைத் திறப்பது ஏன்?

கேள்வி: எங்கள் வாசல் கேட்டில் தொங்கும் சிறிய பூட்டைப் பக்கத்து வீட்டுக்காரரின் சாவியும் திறந்துவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு கடைகளில் வாங்கியவை. இது எப்படி? திண்டுக்கல் பூட்டிலும் இப்படி நடக்குமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் சாவி ஒரு பக்கம் ரம்பம்போல் வெட்டப்பட்ட தட்டைச் சாவி என்றால், அது 1860களில் அமெரிக்கரான லைனஸ் யேல் செம்மைப்படுத்திய ஊசிப் பூட்டாக இருக்கும். சாவி நுழையும் உருளைக்குக் குறுக்கே சில ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியும் மேல், கீழ் என இரண்டு துண்டுகள். மேல்துண்டைச் சிறு சுருள்வில் ஒன்று அழுத்திக்கொண்டே இருப்பதால், அது பாதி உருளைக்குள்ளும் பாதி வெளிக்கூட்டுக்குள்ளுமாக நின்று உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. உரிய சாவியை நுழைத்தால், அதன் மேடுபள்ளங்கள் ஊசிகளை உயர்த்தி, துண்டுகள் பிரியும் இடங்கள் யாவும் உருளையின் விளிம்பில் ஒரே கோட்டில் வருமாறு நிறுத்திவிடும். அப்போதுதான் உருளை சுழலும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐந்து ஊசிகளும் ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்களும் இருந்தால் 7,776 வகைச் சாவிகள் வெட்டலாம். மூன்று ஊசிகளும் நான்கு உயரங்களும் மட்டுமே என்றால் 64 வகைகள்தான். மலிவான பூட்டில் துளைகளும் சற்றுத் தளர்வாக இருக்கும் என்பதால், ஏறக்குறைய ஒத்த சாவியும் திறந்துவிடும். ஒரே தெருவில் இப்படி இரண்டு அமைந்ததில் வியப்பில்லை.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, லீவர் வகையைச் சேர்ந்தது. உள்ளே அடுக்கப்பட்ட தகடுகளுக்குத்தான் லீவர் என்று பெயர்; அவை ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. எல்லா வெட்டுகளும் நேர்கோட்டில் வந்தால்தான் தாழின் முளை அவற்றினூடே நகரும். தகட்டைக் குறைவாகத் தூக்கினாலும் சிக்கும், கூடுதலாகத் தூக்கினாலும் சிக்கும். இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் 1778இல் கொண்டுவந்த இந்த நுட்பம்தான் லீவர் பூட்டின் உயிர். திண்டுக்கல் தொழிலாளி சாவியைக் கையால் அராவிப் பூட்டோடு பொருத்துவதால், ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேர்வது அரிது. அறவே நடக்காது என்று நான் எழுதமாட்டேன். கனத்தைப் பார்த்து வாங்காமல், எத்தனை லீவர் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அன்றைக்கு இளகும்; பிறகு தூசியைச் சேர்த்துப் பிசுபிசுத்து, ஊசிகளை ஒட்டவைத்துவிடும். பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, நாலைந்து முறை நுழைத்து எடுங்கள். அந்தக் கிராஃபைட் தூளே போதும்.