பழைய டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ரேம் இருக்கிறது. இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்த்தால் வேலை செய்யுமா?

நீங்கள் சொன்னது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, ரேம் மாட்ட இரண்டு ஸ்லொட், அதில் ஒன்றில் 4 ஜிபி, தங்கச்சியின் ஏ.எல். படிப்புக்குப் போதவில்லை. சரி, 8 ஜிபி சேர்க்கலாம், நன்றாகவே ஓடும். ஆனால் கடைக்குப் போய் "8 ஜிபி ரேம் ஒன்று தாங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன்.

தலவாக்கலையில் எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு யாரோ கொடுத்த இயந்திரமும் இதே மாதிரிதான். கண்டிக்கு பஸ் ஏறிப் போய், விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு 8 ஜிபி டிடிஆர்3 (இந்தத் தலைமுறைக்கான ரேம் வகை) வாங்கி வந்தேன். மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. ஸ்லொட்டை மாற்றிப் போட்டாலும் அப்படியே. பழைய ரேமை மட்டும் போட்டால் உடனே விண்டோஸ் வருகிறது. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோர்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தபோதுதான் மூலையில் சின்னதாக 'ஏஎம்டி' என்று இருந்தது கண்ணில் பட்டது. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி கம்பெனியின் செயலிகளுக்கு மட்டும் ஆன ரேம் அது. ஒரு நாள் போக்குவரத்தும் பஸ் காசும் வீண்.

மலிவாக வரும் அந்த வகை ரேமில் சில்லுகள் எக்ஸ்4 அமைப்பில், அதாவது ஒரு சில்லு ஒரு தடவைக்கு 4 பிட் தரும்படி, இருக்கும். உங்கள் செயலி போன்ற சாதாரண இன்டெல் டெஸ்க்டாப் செயலிகள் எக்ஸ்8, எக்ஸ்16 அமைப்புகளைத்தான் ஏற்கும். அதனால் ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே ஸ்டிக்கரில் பிசி3-12800 என்றும் இருக்கும். அதுதான் 1600 வேகம். அந்த எண்ணை ஒட்டி 'யு' என்றால் டெஸ்க்டாப் ரேம், 'எஸ்' என்றால் லெப்டொப்புக்கு, 'ஆர்' என்றால் சேர்வரில் கழற்றியது. சேர்வர் ரேம் பழைய சாமானில் நிறையக் கிடைக்கும், உங்கள் மதர்போர்டில் ஓடாது. பிசி3எல் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது, நான்காம் தலைமுறைக்கு இரண்டும் சரி.

டிடிஆர்4 வாங்கினால் ஸ்லொட்டிலேயே இறங்காது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள், போர்ட் போய்விடும். ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி இருக்கும் டிடிஆர்3-ஐயும் உங்கள் செயலி எடுக்காது. பழையது 1333, புதியது 1600 என்றால் இரண்டும் 1333-இல் ஓடும், அவ்வளவுதான். 4-உம் 8-உம் கலந்தால் கெடும் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். பழைய 4-உம் புதியதில் 4-உம் ஜோடியாக ஓடும், மிச்சம் 4 தனியாக ஓடும்.

விண்டோஸ் 32 பிட்டா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, 64 பிட் ஏற்ற வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேசின் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். "ஓடாவிட்டால் மாற்றித் தருவீங்களா அண்ணே?" என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள். இங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ திரும்பப் போவது சின்ன வேலையா?

இன்னொன்று. நம் பக்கத்துப் பனிக்கும் ஈரத்துக்கும் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிவிடும். வீட்டில் மாட்டும்போது பழைய ரேமின் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். பக்கத்துக் கிளிப் 'டக்' என்று தானாக மூடும் வரை இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். திரை வந்ததும், ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போர்டின் பெயரை எழுதி அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.