ஒரு மணி நேரத்தில் பீட்சா: நடுப்பகுதி ஏன் நசநசக்கிறது?

கேள்வி: ஏழு மணிக்குத்தான் வேலை முடிந்து வீடு வருகிறேன். எட்டு மணிக்குள் பீட்சா தட்டில் இருக்க வேண்டும். மாவு சீக்கிரம் உப்பட்டும் என்று ஈஸ்ட்டை இரட்டிப்பாகப் போட்டால் ஒருவித வாடை அடிக்கிறது. நடுப்பகுதியும் வேகாமல் நசநசவென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஈஸ்ட்டைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். முந்தின நாள் இரவு 250 கிராம் மைதா, முக்கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 160 மில்லி தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கரண்டியால் கலக்குங்கள். பிசையவே வேண்டாம். மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம், ஐந்து நிமிட வேலைதான். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும். மாவும் தானாகவே இழுபடும் பக்குவத்துக்கு வந்துவிடும். மூன்று நாள் வரை தாங்கும். எனக்கு இரண்டாம் நாள் மாவின் ருசிதான் பிடிக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் மாவை இரண்டாகப் பிரித்து உருட்டி வெளியே வைத்துவிடுங்கள். நீங்கள் குளித்து முடித்து, சாஸ், சீஸ் எல்லாம் எடுத்து வைப்பதற்குள் குளிர் விட்டுவிடும்.

இனி நடுப்பகுதி. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணி விறகு அடுப்பில் சூடு 450 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். வீட்டில் இருக்கும் அவன் (oven) பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சூட்டில் மெல்லிய தட்டில் வைத்தால், அடிப்பகுதி இறுகுவதற்குள் மேலே உள்ள தக்காளியும் காய்களும் விடுகிற தண்ணீர் மாவில் இறங்கிவிடும். நசநசப்பு அங்கேதான் வருகிறது.

அதனால் அடிப்பகுதியை அடுப்பிலேயே வேகவையுங்கள். அவனில் மேலிருந்து சூடு தரும் கிரில்லைப் போட்டுச் சூடேறவிடுங்கள். கனமான இரும்பு வாணலியை மிதமான தீயில் நான்கு நிமிடம் காயவைத்து, துளி எண்ணெய் தடவி, கையால் விரித்த மாவைப் போடுங்கள். உடனே மூன்று மேசைக்கரண்டி சாஸ், அதன் மேல் சீஸ். மூன்று நிமிடத்தில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வாணலியோடு கிரில்லுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நான்கைந்து நிமிடம் போதும், ஆனால் அடுப்படியை விட்டு நகராதீர்கள். வெளியே எடுத்ததும் கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றி வையுங்கள். மறந்துபோய் வெறுங்கையால் பிடித்தவன் சொல்கிறேன். நான்ஸ்டிக் வாணலியை மட்டும் கிரில்லுக்குள் வைக்காதீர்கள்.

சாஸைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. டின் தக்காளியை வடிகட்டி, கையால் நசுக்கி, உப்பு, பூண்டு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் சரி. தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா சீஸ் என்றால் பிய்த்துக் கால் மணி நேரம் வடியவிடுங்கள். துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொடி சேர்த்திருப்பார்கள், அது அவ்வளவு சீராக உருகாது. கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. காளானை வதக்காமல் போடாதீர்கள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்தால் பச்சையாகவே போடலாம்.

முந்தின நாள் மாவு கலக்க மறந்துவிட்டீர்களா? 250 கிராம் மைதா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, சுமார் 200 கிராம் கெட்டித் தயிர். பிசைந்து பத்து நிமிடம் வைத்தால் தயார். ஈஸ்ட் மாவின் மணமும் மெல்லும் சுகமும் இதில் இருக்காது, ஆனால் பசிக்கு நன்றாகவே இருக்கும்.

அவனே இல்லை என்றால் வாணலியில் மாவின் ஒரு பக்கத்தை வேகவைத்துத் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் சாஸும் சீஸும் வைத்து, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். சீஸ் உருகும், சிவக்காது. எப்படிச் செய்தாலும் வெட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். நேராகத் தட்டில் போட்டால் ஆவி அடியிலேயே தங்கி, மொறுமொறுப்பு போய்விடும்.