டாங்கிளைச் செருகினால் சிடி தெரிகிறதே!

சிங்கப்பூரில் டாங்கிளை, அதாவது சிம் போடும் யூஎஸ்பி மோடத்தை, லினக்ஸில் ஓடவைக்கப் படாதபாடு படும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

ஈசூனிலிருந்து: அண்ணே, உபுண்டுவில் ஹுவாவே ஈ3372எச் டாங்கிளைச் செருகினால் சிடி படம்தான் வருகிறது. உள்ளே விண்டோஸ் கோப்புகள். மோடம் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை தம்பி, வேஷம் போட்டிருக்கிறது. டிரைவருக்குத் தனியாக சிடி தர வேண்டாமே என்று மோடத்துக்குள்ளேயே ஒரு பொய் சிடியை வைத்திருக்கிறார்கள். செருகியதும் முதலில் அதுதான் முகம் காட்டும். சிடியை வெளியே தள்ளச் சொல்லி ஒரு சின்னச் செய்தி போனால்தான் வேஷம் கலையும். அந்த வேலைக்கென்றே யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது, அதை நிறுவுங்கள். பிறகு டெர்மினலில், செருகிய சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை அடித்துப் பாருங்கள். மோடத்தின் அடையாள எண் முதலில் 12டி1:1எஃப்01 என்று இருந்தது, மாறியதும் 12டி1:14டிசி ஆகும். பின்பாதி மாறாதவரை வேறெதையும் தொடாதீர்கள். இது தெரியாமல் நெட்வொர்க் செட்டிங்கைக் குடைந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையே நான் தொலைத்திருக்கிறேன்.

அவரே மறுபடியும்: 14டிசி வந்துவிட்டது. ஆனால் டயல் செய்வதற்கான டிடிஒய் யூஎஸ்பி0 (ttyUSB0) போர்ட் வரவில்லையே?

வராது. இந்த ரகம் ஹைலிங்க். அதுவே ஒரு குட்டி ரவுட்டர், கணினிக்கு நெட்வொர்க் அட்டை மாதிரிதான் தெரியும். *99# டயல் செய்யச் சொல்லும் பழைய கட்டுரைகளை மூடிவைத்துவிட்டு, பிரவுசரில் 192.168.8.1 போங்கள். ஏபிஎன், அதாவது மொபைல் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர், போடுவதும் அங்கேதான்: சிங்டெல் போஸ்ட்பெய்டு என்றால் இ-ஐடியாஸ் (e-ideas), எம்1 என்றால் சன்சர்ஃப் (sunsurf). டிடிஒய் வருகிற ஸ்டிக் ரகத்துக்கு, மோடத்தைத் தானே இயக்கும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருள் போதும். மினிகாம் என்ற நிரலை வைத்து மோடத்துக்கு நேரடியாக ஏடி கட்டளை அடிக்க ஆசைப்பட்டால் முதலில் மோடம்மேனேஜரை நிறுத்துங்கள். இரண்டும் ஒரே போர்ட்டுக்குச் சண்டை போடும்.

பிடோக்கிலிருந்து: அலமாரியில் பழைய 3ஜி டாங்கிள் ஒன்று கிடக்கிறது. லினக்ஸ் அழகாக அடையாளம் காண்கிறது, சிக்னல்தான் இல்லை.

அக்கா, அதைக் கண்காட்சிக்கு வையுங்கள். இங்கே 2ஜி 2017 ஏப்ரலிலேயே போனது, 3ஜியை 2024-இல் மூடத் தொடங்கினார்கள். எல்டிஇ (4ஜி) என்று போட்டிருக்கிற மோடம் வாங்குங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: சன்னலோரம் வைத்தால் சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் ரோமிங் கட்டணம் வந்துவிட்டது. நான் ஜோகூர் பக்கமே போகவில்லையே!

நீங்கள் போகவில்லை, உங்கள் மோடம் போய்விட்டு வந்திருக்கிறது. நீரிணைக்கு அந்தக் கரையில் உள்ள மலேசியக் கோபுரம் பலமாகத் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டிக் ரகம் என்றால் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்புக்கு ஜிஎஸ்எம் ஹோம்-ஒன்லி (gsm.home-only) என்பதை யெஸ் ஆக்குங்கள். ஹைலிங்க் என்றால் 192.168.8.1 பக்கத்திலேயே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

தேக்காவில் கடை வைத்திருப்பவர்: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் டாங்கிளை மாட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம் ஓடும், விளக்கு அணையும், மறுபடி எரியும். சிம்மை மாற்றியும் பயனில்லை.

சிம்மை விடுங்கள், மின்சாரத்தைப் பாருங்கள். கணினியின் பதிவுகளைக் காட்டும் டிமெசெஜ் (dmesg) கட்டளையை அடித்து அந்த நேரத்தில் யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் பின்னாலேயே புதிய எண்ணோடு அதே மோடம் திரும்ப வந்திருந்தால் பெரும்பாலும் சாதனத்துக்குக் கரண்ட் பற்றவில்லை என்றுதான் அர்த்தம். யூஎஸ்பி 2.0-வில் ஒரு போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும் என்பது கணக்கு. சிக்னல் மங்கலான மூலையில் மோடம் கத்திப் பேச வேண்டியிருப்பதால் இழுவை கூடும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். நீண்ட எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வைத்திருக்கும் ஒருவர்: எங்களுக்கு?

ஸ்டிக் ரகத்துக்கு யூ3ஜி (u3g) டிரைவர். போர்ட் குவாயூ0 (cuaU0) என்று வரும், பயனரை டயலர் குழுவில் சேருங்கள். ஹைலிங்க் என்றால் யூஇ0 (ue0) என்ற நெட்வொர்க் அட்டையாக வரும், அவ்வளவுதான்.

தேக்காக்காரரே: ஹப் மாட்டினேன், நின்று ஓடுகிறது. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் போட்டு உள்ளே நுழையப் பார்த்தால் மட்டும் ராஸ்பெரி பை கிடைக்கவில்லை.

மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் பொது ஐபி தருவதில்லை, பல பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்ட முடியாது. ராஸ்பெரி பையிலிருந்து வெளியே உள்ள ஒரு சர்வருக்கு வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பைப் போட்டு, அதை அறுந்துவிடாமல் வைக்கும் பர்சிஸ்டென்ட் கீப்அலைவை 25 விநாடி என்று வையுங்கள். பிறகு அந்தச் சர்வர் வழியாக வாருங்கள்.