புளிக்கிற கொசுத்தேன் போலியா?

கேள்வி: கொசுத்தேன், அதாவது கொடுக்கில்லாத் தேனீயின் தேன் என்று இரண்டு நாடுகளிலிருந்து வந்த பாட்டில்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்று தண்ணீராக ஓடுகிறது, பல் கூசும் அளவுக்குப் புளிக்கிறது, மூடியைத் திறந்தால் நுரைக்கிறது. மற்றது பொன்னிறம், நல்ல இனிப்பு. எது கலப்படம்? ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடுமா?

பதில்: இரண்டுமே அசலாக இருக்கலாம். ஒன்றைச் சந்தேகிக்கத்தான் வேண்டும் என்றால், நான் முதலில் அந்த இனிப்பான பாட்டிலின் லேபிளைத்தான் படித்துப் பார்ப்பேன்.

கொடுக்கில்லாத் தேனீ என்பது ஒரே பூச்சி இல்லை. வெப்பமண்டலம் முழுக்க 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மெக்சிகோவின் யுகாட்டானில் மாயா மக்கள் காலங்காலமாக வளர்த்துவரும் மெலிபோனா பீச்சி, சாதாரணத் தேனீயின் பருமனில் இருக்கும். பிரேசிலின் ஜட்டாயோ கொசு அளவுதான். உடம்பு சிறுத்தால் பறக்கும் தூரமும் குறையும். பெரிய மெலிபோனாக்கள் கிலோமீட்டர் கணக்கில் போய்வரும். பொடித் தேனீக்கள் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே சின்னத் தேனீயின் தேன் ஏறக்குறைய ஒரே தோப்பின் தேன். பக்கத்துத் தோப்பில் வேறு மரம் பூத்தால் அங்கே தேனும் வேறு.

அப்புறம் சர்க்கரை. ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த ஐந்து இனங்களின் தேனில் ட்ரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைய இருப்பதை 2020இல் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 100 கிராம் தேனில் 13 முதல் 44 கிராம் வரை இருந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், மூன்று மடங்குக்கும் மேல்! பூந்தேனில் உள்ள சுக்ரோஸை (நம் வீட்டுச் சீனியும் இதுதான்) தேனீயே தன் உடலுக்குள் ட்ரெஹலுலோஸாக மாற்றுகிறது. அதனால் எந்த இனம் என்பதோடு, அது மேய்ந்த பூவில் சுக்ரோஸ் எவ்வளவு இருந்தது என்பதும் சேர்ந்தே அளவை முடிவு செய்கிறது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் இதை மால்டோஸ் என்றே, அதாவது கலப்படத்துக்குப் பயன்படும் மாவுப் பாகிலும் இருக்கும் சர்க்கரை என்றே பதிவு செய்துவந்தார்கள். பாவம், எத்தனை நல்ல தேன் சந்தேகப் பட்டியலில் சேர்ந்ததோ!

புளிப்பு பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே வருகிறது. இவை அறுகோண அடை கட்டுவதில்லை. மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துச் செய்த சிறு பானைகளில் தேனைச் சேர்க்கின்றன. அதில் நீர் பொதுவாக 25 முதல் 35 சதவீதம். இவ்வளவு ஈரம் இருந்தால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சும்மா இருக்குமா? மெதுவாக நொதித்து, அமிலங்கள் கூடிக்கொண்டே போகும். மழைக்காலத் தேனுக்கும் கோடைத் தேனுக்கும் உள்ள வேறுபாட்டில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கசப்பும் பிசின் வாசமும் பானையிலிருந்து இறங்குபவை; எந்த மரத்துப் பிசின் என்பதைப் பொறுத்து அவையும் மாறும்.

எடுக்கும் விதமும் முக்கியம். பானையின் வாயைத் திறந்து குழாயால் உறிஞ்சினால் தேன் தெளிவாக வரும். பானைகளை மொத்தமாகப் பிழிந்தால் பக்கத்துப் பானையின் மகரந்தமும் சேர்ந்து, கலங்கலாகவும் இன்னும் புளிப்பாகவும் இருக்கும்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸில் தேனின் நீர் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பிரக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்து 60 சதவீதமாவது இருக்க வேண்டும். சாதாரணத் தேனீயின் தேனுக்குப் பொருந்தும் இந்த அளவுகோலில் உங்கள் புளிப்புத் தேன் அநேகமாகத் தோற்றுவிடும். அதை வைத்துக் கலப்படம் என்று முடிவுகட்ட முடியாது. மலேசியா 2017இல் இந்தத் தேனுக்கென்றே தனித் தரநிலை கொண்டுவந்தது.

ட்ரெஹலுலோஸ் இருந்தாலே அசல் என்றும் நம்பிவிட வேண்டாம். சீனிப்பாகை ஊட்டினாலும் இந்தத் தேனீக்கள் அதை ட்ரெஹலுலோஸாக மாற்றிவிடும். எனவே சர்க்கரை எந்த வகைத் தாவரத்திலிருந்து வந்தது என்று காட்டும் கார்பன் ஐசோடோப் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். கரும்பின் கார்பன் தடயம் பெரும்பாலான பூமரங்களின் தடயத்திலிருந்து வேறுபடும். தண்ணீரில் விடுவது, திரியில் நனைத்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் இயல்பிலேயே நீர்த்த இந்தத் தேனுக்கு உதவாத வேலை.

புளிப்புத் தேனைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பாட்டிலை விளிம்புவரை நிரப்பாமல், அவ்வப்போது மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். மேலே பூஞ்சணம் படர்ந்தால் கொட்டிவிடுங்கள். எந்தத் தேனானாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

இனிப்புப் பாட்டிலை விற்றவரிடம் நான்கு விஷயங்கள் கேளுங்கள்: எந்த இனத் தேனீ, எந்த மாதம் எடுத்தது, உறிஞ்சியதா பிழிந்ததா, சூடாக்கியோ வேறு வழியிலோ நீரைக் குறைத்தார்களா. நீரை இறக்கிய அசல் தேன் என்றால் அதைத் தயங்காமல் சொல்வார்கள். தேனீயின் பெயரே தெரியவில்லை என்றால், ஐசோடோப் சோதனைக்கு முதலில் அந்தப் பாட்டிலையே அனுப்புங்கள்.