ரொகோசோவ்ஸ்கி பிறந்தது எந்த ஊரில்?

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்குக்காக சோவியத் தளபதி கான்ஸ்டன்டீன் ரொகோசோவ்ஸ்கி பற்றி எழுதுகிறேன். பிறந்த ஊர் வார்சா என்கிறது ஒரு நூல், ரஷ்யாவின் வெலிக்கியே லூக்கி என்கிறது இன்னொன்று. 1937 முதல் 1940 வரை என்ன செய்தார் என்று இரண்டிலுமே இல்லை. எதை எழுதுவது?

பதில்: வார்சா என்றே எழுதுங்கள். அப்பா போலந்துக்காரர், ரயில்வே ஊழியர். வெலிக்கியே லூக்கி பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஊர். 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டத்தை இரண்டு முறை பெற்றவருக்குச் சொந்த ஊரில் மார்பளவுச் சிலை வைப்பது சோவியத் யூனியனில் வழக்கமாக இருந்தது. 1945-ல் இவருக்கு இரண்டாம் முறை கிடைத்தபோது வார்சா வேறு நாட்டில் இருந்தது. சிலை வைக்க ஒரு சோவியத் ஊர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறந்த ஆண்டு 1896 என்று போட்டு, சில ஆவணங்களில் 1894 என்று இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

அந்த மூன்று ஆண்டுகள்தான் முக்கியம். போலந்துக்கும் ஜப்பானுக்கும் உளவு பார்த்ததாக 1937 ஆகஸ்டில் கைது செய்தார்கள். லெனின்கிராட் சிறையில் அடித்ததில் பற்கள் போயின. ஆனாலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1940 மார்ச்சில் வெளியே வந்தார். அவருடைய நினைவுக்குறிப்பு, அந்த வசந்தத்தில் குடும்பத்தோடு சோச்சிக்குப் போனதிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் எங்கே இருந்தார் என்று மூச்சு விடவில்லை. உங்கள் நூல்களும் அந்த வழியில் போயிருக்கும்.

அப்புறம், 'ஜெனரல்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். 1940-ல் மேஜர் ஜெனரல். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் தளபதி பவுலஸின் படையைச் சரணடைய வைத்த பிறகு, 1943 ஏப்ரலில் ஆர்மி ஜெனரல். 1944 ஜூனில் மார்ஷல். அந்தக் கடைசி உயர்வு பெலாரஸ் போர் நடந்துகொண்டிருந்தபோதே வந்தது. அந்தப் போருக்குத் திட்டமிட்டபோது, ஒரே இடத்தில் தாக்கச் சொன்னார் ஸ்டாலின். இரண்டு இடத்தில் தாக்கலாம் என்றார் இவர். பக்கத்து அறைக்குப் போய் யோசித்து வரும்படி இரண்டு முறை அனுப்பியும் மாற்றிக்கொள்ளவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். சிறையில் இருந்து வந்த மனிதர் இப்படிப் பேசியிருக்கிறார் என்பதை ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

1949-ல் இவரைப் போலந்தின் பாதுகாப்பு அமைச்சராக்கினார்கள். அங்கே பலர் இவரை மாஸ்கோவின் ஆளாகவே பார்த்தார்கள். 1956-ல் போலந்து கம்யூனிஸ்ட் தலைவர் கோமுல்கா பதவிக்கு வந்ததும் மாஸ்கோ திரும்ப வேண்டியதாயிற்று. இந்தப் பகுதியை எழுதும்போது அவர் வார்சாவில் வளர்ந்தவர் என்பதை மறுபடி ஒரு வரி சொல்லிவிடுங்கள். வெலிக்கியே லூக்கி என்று படித்தவர்களுக்கு இந்த நியமனமே புரியாது.